குறையே இல்லாத துறை

எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த வருஷம் முதல் யாருக்கும் எந்தக் குறையும் கிடையாது. குறைப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இனி எல்லாம் பாராட்டுச் சீட்டுதான் என்று நற்சூழல் வளர்ப்புக் குழுவின் தலைவர் அறிவித்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சிரிப்பு சார். இரங்கல் கூட்டத்திலும் பல்லைக் காட்டுகிற மனிதர்.

நான் உயிரியல் துறையின் ஆய்வகப் பொறுப்பாளன். எங்களிடம் இருப்பது ஒரே ஃப்ரீசர். ஓர் ஆராய்ச்சி மாணவி மூன்று வருஷம் ஏரி ஏரியாக அலைந்து சேர்த்த மாதிரிகள் அதில் இருந்தன. அவள் பட்டமே அதற்குள்தான் இருந்தது. அந்த ஃப்ரீசர் முனக ஆரம்பித்தது.

"அண்ணே, சத்தம் சரியில்ல. எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க" என்றாள் அந்த மாணவி.

எலக்ட்ரீஷியன் சீட்டில்லாமல் எதையும் தொடமாட்டார். சீட்டில் குறை எழுதினால் துறைக்கு மதிப்பெண் வெட்டு. மூன்று மாதம் குறையில்லாத துறைக்கு விருது வேறு. இன்னும் நாலே நாள். நான் என்ன லேசுப்பட்டவனா? யோசித்து எழுதினேன்: "பதினோரு வருடம் ஓயாமல் உழைத்த எங்கள் ஃப்ரீசரைப் பாராட்டுகிறோம். யாராவது அன்போடு வந்து பார்த்தால் மகிழ்வோம்."

"இது போதுமாண்ணே?"

"எழுதிப் போட்டாச்சுல்ல, பாத்துப்பாங்க. நீ போய் வேலையப் பாரு."

பார்த்தார்கள். சிரிப்பு சாருக்குக் கண்ணே கலங்கிவிட்டதாம். பெரிய எழுத்தில் அச்சடித்து வாசல் சுவரில் ஒட்டினார். எலக்ட்ரீஷியனும் நின்று படித்தார். "பிரமாதமா எழுதியிருக்கீங்க" என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

விருது நாள் காலையில் ஆய்வகத் தரையெல்லாம் தண்ணீர். மாணவி குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

அதற்குள் சிரிப்பு சார் கேடயத்தோடு வந்துவிட்டார், பின்னாலேயே போட்டோக்காரர். "தரை படத்துல விழாது, எல்லாரும் கிட்ட வாங்க" என்று கேடயத்தை அவள் கையில் திணித்தார். "எங்க, கொஞ்சம் சிரிம்மா."

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்லண்ணே, அது கெட்டுப்போகும்னு?"

தெரியும். அதை நேராக ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஆனால் அந்த விருது எனக்கும் வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்: அந்தப் போட்டோவில் சிரிப்பு சாரைவிட நன்றாகச் சிரித்திருப்பது நான்தான்.