கொடிக்கம்பச் சந்து

நட்ட கொடிக்கம்பத்தை யாராவது பிடுங்கி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வீட்டைப் பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள். மரத்தை, மைல் கல்லை, பெஞ்சோடு டீக்கடையைப் பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் ஒரு முறை தண்ணீர் வந்துகொண்டிருந்த அடிபம்பையே பிடுங்கினார்கள். கட்சிக் கொடிக்கம்பத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. தாசில்தார் தொட மாட்டார். இன்ஸ்பெக்டர் தொட மாட்டார். ரோடு போடுகிறவர்கள் தாரை அதைச் சுற்றி ஊற்றிவிட்டுப் போவார்கள்.

எங்கள் ஊர் கண்ணங்காடு. மாயவரம் பக்கத்துக் குத்தாலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். ஒரு கடைத்தெரு, ஒரு கோயில், சுற்றிலும் வயல். பெயருக்குத்தான் பேரூராட்சி. அந்தக் கோயிலில் கும்பிட்டால் தள்ளிப்போன கல்யாணம் கூடிவரும் என்று ஏதோ ஒரு வாரப் பத்திரிகை எழுதித் தொலைத்தது. அதிலிருந்து கோயம்புத்தூர் வேன், பெங்களூர் வேன் என்று ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் நடக்க வழி கிடையாது.

இதில் கடைத்தெரு நடுவில் ஒரு கல்யாண மண்டபம் வேறு. பேரூராட்சித் தலைவர் வைத்தியலிங்கத்தின் மண்டபம். மண்டபம் கட்டினால் கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. பிளானில் விட்டிருந்தார். கட்டி முடித்தபோது அந்த இடத்தில் சாப்பாட்டுக் கூடம் நின்றது. பிளானைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் தன் மகள் கல்யாணத்தை அந்தக் கூடத்தில்தான் பந்தி வைத்து நடத்தினார்.

ஆக, ஊருக்குக் கார் நிறுத்த இடம் தேவைப்பட்டது. தலைவர் நாலா பக்கமும் தேடினார். மண்டபத்துக்குப் பின்னால், சந்துக்குள், ஐந்து வீடுகள் இருந்தன. முதல் வீடு என் அக்கா ராசம்மாளுடையது. மண்டபத்து மதிலை ஒட்டிய ஓட்டு வீடு.

அந்த இடம் ஒரு காலத்தில் வைத்தியலிங்கத்தின் தாத்தாவுடைய பண்ணை நிலம். பண்ணையில் உழைத்தவர்கள் அங்கே குடிசை போட்டிருந்தார்கள். எதிர்த்துப் பேசினால் அன்று ராத்திரியே குடிசையைப் பிரித்து எறிவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சட்டம் வந்தது. பண்ணையாள் குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம். அக்காவின் மாமனார் அந்தப் பட்டாவைக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அவர் மகன் மருதையன், என் மாமா, மனை கொடுத்தது கட்சி என்று அன்றைக்கே கட்சிக்காரரானார். பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வைத்தியலிங்கமும் அதே கட்சிக்கு வந்து, மாமாவுக்கே தலைவரானார். இரண்டு பேர் வேட்டியிலும் கரை ஒன்றுதான். துணிதான் வேறு.

பல வருஷம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் நடந்த புதிது. பேரூராட்சி மன்றத்தில் எதுவும் ஒருமனதாக நடந்ததில்லை. தெருக்குழாய் எந்தப் பக்கம் போடுவது என்பதற்கே நாற்காலி பறந்திருக்கிறது. ஆனால் அந்த ஐந்து மனைகளைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து எடுத்து, பொது உபயோகம் என்று மாற்றி, வாகனம் நிறுத்த விடுவது என்ற தீர்மானத்துக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. எதிர்க்கட்சி சாரங்கபாணிக்குச் சந்து முனையில் ஜவுளிக்கடை. வேனில் வருகிறவர்கள் புடவை எடுப்பார்கள் அல்லவா?

ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று நோட்டீஸும் ஒட்டினார்கள். அலுவலகக் கதவின் பின்பக்கத்தில். அந்தக் கதவு பகல் முழுக்கத் திறந்து, சுவரோடு சாய்ந்து கிடக்கும்.

நான் அப்போது வடக்கே பிலாயில் பார்த்த வேலையிலிருந்து லீவில் வந்திருந்தேன். அங்கே நான் தமிழில் பேச வேண்டுமானால் சுவரோடுதான் பேச வேண்டும். ஊருக்கு வந்தால் தலை சாய்க்க இருப்பது அக்கா வீடு ஒன்றுதான். மாமாவோடு நானும் மண்டபத்துக்குப் போனேன்.

"வா மருதையா," என்றார் வைத்தியலிங்கம். நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்லவில்லை. "இது யாரு, ராசம்மா தம்பியா? வடக்க இருக்கற பயதானே?"

"ஆமாங்கய்யா. வீட்ட இடிக்கப் போறதா ஊருல பேசிக்கறாங்க..."

"இடிக்கறதுன்னு ஏம்பா பெரிய வார்த்தையெல்லாம் சொல்ற? ஊரு வளருது. நாமளும் கொஞ்சம் நவுந்து குடுக்கணும்ல."

"பட்டா இருக்குங்கய்யா. நம்ம கட்சி குடுத்த பட்டா."

"குடியிருக்கத்தானே குடுத்துச்சு? இப்பதான் அது குடியிருப்புப் பகுதியே இல்லையே. அப்பறம் குடியிருப்புப் பட்டாவ வச்சிக்கிட்டு என்ன பண்ணுவ? என்ன சார்?"

பக்கத்தில் இருந்த பேரூராட்சிச் செயல் அலுவலர் தலையாட்டினார். அந்த விளக்கம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. புரிந்துகொள்ள அவருக்குச் சம்பளம் இல்லை.

"அப்ப நாங்க எங்கங்கய்யா போறது?"

"சுடுகாட்டு வழியில புறம்போக்கு கெடக்குல்ல? நல்லாக் காத்து வரும்."

"சாப்பாட்டுக் கூடம் இருக்கற எடம்தானே கார் நிறுத்தறதுக்குன்னு விட்ட எடம்?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமாவிடம்தான் சொன்னார். "ஒன் மச்சான் வடக்க போயி சட்டம் படிச்சிட்டு வந்திருக்கான் போல. சீக்கிரம் ரயில் ஏத்தி விடு."

வீட்டுக்கு வந்ததும் மாமா கரை வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்தார். "இதெல்லாம் தலைமைக்குத் தெரியாது மாப்ள. தெரிஞ்சா விட மாட்டாங்க."

அக்கா நடவிலிருந்து வந்து காலில் சேறு கழுவிக்கொண்டிருந்தாள். "தெரியாதவங்களுக்குத்தான் இம்புட்டு வருசமா தொண்ட கிழிய வாழ்க போட்டியா?"

"கட்சியப் பேசாத புள்ள."

"பேசல. ஒண்ணு மட்டும் சொல்லு. கடைத்தெருவுல ரோட்ட அகலப்படுத்துனப்ப ஒன் கட்சிக் கொடி ஒதுங்குச்சா?"

"கொடி எப்புடி ஒதுங்கும்? ரோடுதான் ஒதுங்குச்சு."

"அப்ப நம்ம சந்து வாயில ஒண்ணு நடு."

மாமாவுக்கு அதன் அர்த்தம் விளங்கியதா என்று தெரியவில்லை. ஆனால் கொடி நடுவது என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். மறுநாளே குத்தாலத்துக்கு ஓடினார். மாவட்டச் செயலாளருக்குக் கொடி ஏற்றுவது என்றால் பிரியம். ஏற்றும் இடத்திலெல்லாம் கல்லில் பெயர் வரும். தேதி கொடுத்துவிட்டார்.

எங்கள் சந்தின் வாய் ஒரு மாட்டு வண்டி அகலம். ஒரு பக்கம் சாரங்கபாணியின் கடைச் சுவர், மறுபக்கம் மண்டபத்து மதில். இன்ஜினியர் போட்ட வரைபடத்தில் அதே சந்து தேரோடும் வீதி போல அகலமாக இருக்கும். உள்ளே குட்டிக் குட்டிக் கார்கள் வரைந்து, நிழலுக்கு மரம்கூட வைத்திருந்தார். அந்த வாயில் பாதியை அடைத்துக்கொண்டு மூன்று படி வைத்த மேடை எழும்பியது. சொந்தக் கட்சிக் கொடிக்கு இடமில்லை என்று வைத்தியலிங்கம் எந்த வாயால் சொல்வார்? விழாவுக்கு வந்தார். கயிற்றைப் பிடித்தார். பல்லைக் காட்டினார். மாமாவுக்கு அந்த மேடையிலேயே கிளைச் செயலாளர் பதவி கொடுத்தார்கள். மாமா அழுதார்.

அடுத்து அக்கா சாரங்கபாணி கடைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போனாள். நானும் கூடப் போனேன்.

"என்ன மொதலாளி, ஒங்க கடைக்கு எதுத்தாப்புலயே அவங்க கொடி பறக்குது. ஒங்க கட்சிக்கு இங்க ஆளே இல்லன்னு பேசிக்கறாங்களே."

"எவன் பேசறான்?"

"எவன் பேசல?" என்றாள் அக்கா. "இந்தப் பச்சையில சாயம் போவுமா?"

அந்த வாரமே எதிர்ப்பக்கம் இரண்டாவது மேடை. கம்பம் முதல் கம்பத்தைவிட ஓர் ஆள் உயரம் கூடுதல். மனைகளைக் காலி செய்யக் கை தூக்கிய அதே சாரங்கபாணி, மனைக்குப் போகும் வழியைத் தன் செலவில் அடைத்துவிட்டு மாலை போட்டுக்கொண்டு நின்றார். மானப் பிரச்சினை என்று வந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு வியாபாரம்கூட மறந்துபோகும்.

இரண்டு மேடைக்கும் நடுவே இப்போது சைக்கிள் போகும். தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் போகலாம். வேன் போகாது. இன்ஜினியர் டேப்போடு வந்தார், அளந்தார், டீ குடிக்கப் போனார், வரவில்லை. அன்றைக்கு அக்கா வீட்டில் விரால் குழம்பு.

அத்தோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாக ரயில் ஏறியிருப்பேன். கண்ணுசாமி என்று ஒருவர். ஊரில் மைக் செட் கடை வைத்திருப்பவர். புதிதாகத் தொடங்கின ஒரு கட்சியில் சேர்ந்திருந்தார். எங்கள் ஊரில் அந்தக் கட்சி என்பது அவரும் அவர் தம்பியும் இரண்டு கூம்பு ஒலிபெருக்கியும். ஆனால் மேலே அந்தக் கட்சி மாமாவின் கட்சியோடு கூட்டணி. "ரெண்டு கொடி இருக்கு, எங்க கொடி எங்க?" என்று கடைத்தெருவில் மறியல் செய்தார். பக்கத்து ஊர் ஆட்களையும் சேர்த்து ஆறு பேர் உட்கார்ந்தார்கள். வேன்கள் கோயில்வரை நின்றன.

போலீஸ் ஸ்டேஷனில் அமைதிப் பேச்சுவார்த்தை வைத்தார்கள். மூன்று கட்சிக்காரர்களும் வர வேண்டும். கிளைச் செயலாளர் என்று மாமாவுக்கும் அழைப்பு. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். மாமாவுக்கு நாற்காலி போட்டார்கள். காபி கொடுத்தார்கள், வைத்தியலிங்கத்துக்குக் கொடுத்த அதே மாதிரி டம்ளரில்.

"சந்து வாயில இனிமே குடை நடக்கூட எடமில்ல," என்றார் வைத்தியலிங்கம். "உள்ள தள்ளி மருதையன் வீட்டு முன்சுவரு நிக்கற எடம்தான் தோதா இருக்கு. கூட்டணி தர்மம்னு ஒண்ணு இருக்குல்ல. என்ன சொல்றீங்க, கிளைச் செயலாளர் அவர்களே?"

சாரங்கபாணியும் தலையாட்டினார். போவது அடுத்தவன் வீடு. இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். மாமா வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக அத்தனை பெரிய மனிதர்கள் அதற்கு முன் காத்திருந்ததே இல்லை. மாமா தொண்டையைக் கனைத்தார். சரி என்றார். தன் வீட்டை இடிக்கத் தானே சம்மதித்துவிட்டு எழுந்து எல்லோருக்கும் வணக்கம் வைத்தார்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "எம்புட்டுக் குடுத்த?"

"முன்சுவரு மட்டும்தான் புள்ள. பின்னாடி அப்படியே இருக்கும்."

"முன்சுவரு இல்லாம கூரை எதுல நிக்கும்? ஒங்க கொடிக்கம்பத்துலயா?"

"ஒனக்கு அரசியல் தெரியாது."

"தெரியாதுதான். காபி நல்லாருந்துச்சா?"



சுவரை இடித்தார்கள். கூரைக்கு இரண்டு மூங்கில் முட்டுக் கொடுத்தார்கள். குழி தோண்டி, இரும்புக் குழாயை நிறுத்தி, கான்கிரீட் போட்டு, மேடை கட்டி, கல் பதித்தார்கள். காய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடி ஏற்றினார்கள். கண்ணுசாமியின் ஒலிபெருக்கி அக்காவின் அடுப்புக்கு நேராக இருந்தது. ஏழைகளின் வாழ்வு மலர்வது பற்றி மூன்று பேர் பேசினார்கள். அக்கா சுவரில்லாத வீட்டுக்குள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். மாமா கை தட்டினார். அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது?

கூட்டம் கலையும்போது வைத்தியலிங்கம் கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தும் செயல் அலுவலரிடம் சொன்னார். "ஒரு மழைக்குத் தாங்காது. நாளைக்கே அபாயக் கட்டடம்னு நோட்டீஸ் கொண்டாந்து ஒட்டிருங்க. இது போச்சுன்னா என் மதில ஒடச்சி மண்டபத்து வழியா வண்டிய விட்டுக்கலாம். மத்த நாலு வீடும் தன்னால போயிரும்."

"சரிங்க சார்."

"எங்க தாத்தா வச்சிருந்த எடம். பாருங்க, எப்புடிப் போட்டு வச்சிருக்கானுவோன்னு."

சாயந்திரம் பந்தல்காரன் வந்து முட்டுக் கொடுத்த மூங்கில் இரண்டும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போனான். கூரையின் முன்பக்கம் ஒரு முழம் தொங்கியது. நாலைந்து ஓடு சரிந்து விழுந்தது. மாமா விழாவுக்கு வந்த மாவட்டச் செயலாளரை வழியனுப்பக் குத்தாலம் போயிருந்தார். அக்கா கத்தவில்லை. தொங்கும் விட்டத்தைப் பார்த்தாள். அதற்கு ஒரு கை தள்ளி நின்ற கம்பத்தைப் பார்த்தாள்.

"தம்பி, கடை மூடறதுக்குள்ள போயி நல்ல கயிறா வாங்கிட்டு வா," என்றாள்.

மறுநாள் காலை நானும் பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் விட்டத்தைத் தோள் கொடுத்துத் தூக்கினோம். அக்கா மேடைப் படியில் ஏறி, விட்டத்தை மூன்றாவது கம்பத்தோடு சேர்த்துப் பல சுற்றுச் சுற்றிக் கட்டினாள். செயல் அலுவலர் நோட்டீஸோடு வந்து பார்த்தார். கண்ணுசாமி வந்து பார்த்தார். கயிற்றை அவிழ்த்தால் கூரை கம்பத்தின் மேல் விழும், கம்பம் சாயும். யாரும் அவிழ்க்கவில்லை. நோட்டீஸ் செயல் அலுவலரின் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் பத்து மணி பஸ்ஸில் மாயவரம் கிளம்பினேன். மண்டபத்துக் கல்யாணத்துக்கு வந்த வேன்கள் கடைத்தெருவில் நின்றதால் பஸ் கோயிலைச் சுற்றிப் போனது.