மாடிக் குழாயில் தண்ணீர்

எங்கள் வீட்டு மாடிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். மொட்டை மாடித் தொட்டி அதன் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் வேகம் கிடையாது. ஐந்து மாத வயிற்றோடு மருமகள் கீழேயிருந்து வாளி தூக்கினாள். ஒரு பம்பு வாங்கி வைக்கலாம் என்று மகன் மூன்று முறை கேட்டான். என் வீட்டுக்காரர் கல்லுளிமங்கன். "தண்ணி வருதுல்ல, அது போதும்" என்றார். நான்காவது முறை மகன் கேட்கவில்லை, வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். பேரனுக்கு இப்போது ஒன்றேகால் வயது. அவனை நான் ஃபோனில்தான் பார்த்திருக்கிறேன். இவர் அதுவும் இல்லை. நான் ஃபோனைக் கையில் எடுத்தால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

போன மாதம் எனக்கு முட்டிவலி. மாடி அறையைக் கழுவிவிடத் தண்ணீர் வேண்டும் என்றதும் இவரே வாளியைத் தூக்கினார். பாதிப் படியில் வாளியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது, நானும் கூப்பிடவில்லை. மறுநாள் பம்புக் கடைக்குப் போகலாம் கிளம்பு என்றார்.

கடைக்காரர் பொறுமைசாலி. நாமே சுவிட்சு போடுகிற பம்பு ஒன்று, குழாயைத் திறந்தால் தானே ஓடி மூடினால் தானே நிற்கிற பம்பு ஒன்று, இரண்டையும் எடுத்து வைத்தார். இவர் இரண்டாவதைத் தொட்டார். சத்தம் எப்படி என்று கேட்டார். சின்னக் குழந்தை தூங்கினால் முழித்துக்கொள்ளுமா என்றார். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல எத்தனை பேரு சார்? ரெண்டு பேர்னா அரை ஹெச்பி தாராளம்."

"அஞ்சு பேரு" என்றார் இவர். "காலைல ரெண்டு பாத்ரூமும் ஒரே நேரத்துல ஓடும். பையன் வேலைக்குப் போகணும்."

சுருட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய்களை விலை விசாரிக்கிறவள் மாதிரி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

பிளம்பர் வந்து மாட்டிவிட்டுப் போனார். பெரிய பம்புதான். நான் கீழே பாத்திரம் கழுவினால் மேலே உறுமும், மூடினால் அடங்கும். மாடிக் குழாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை. இவர் மகனிடம் சொல்லவும் இல்லை, என்னைச் சொல்ல விடவும் இல்லை.

ஒரு காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பம்பு ஓடியது. கீழே ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. மாடிச் சாவி இன்னும் மகனிடம் ஒன்று இருக்கிறது. பெற்ற மனசு கணக்குப் பார்க்குமா, முட்டியை மறந்து படியேறி ஓடினேன்.

இவர்தான். சட்டை தோள் வரை நனைந்திருக்க, கொட்டுகிற ஷவருக்குக் கீழே கையை நீட்டியபடி நின்றிருந்தார். வேறு நாளாக இருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கு ஏமாற்றத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அந்த ஏமாற்றம் எனக்கு மட்டும் இல்லை என்று புரிந்தது.

"ஃபோன் போடுங்க."

"என்னன்னு சொல்றது?"

"தண்ணி வருதுன்னு சொல்லுங்க."

நானே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் திணித்தேன். மகன் எடுத்ததும், "அம்மா" என்றான். இவர் இருமுறை கனைத்தார்.

"நான்தாண்டா. மாடில இப்போ தண்ணி நல்லா வருது. பம்பு போட்டாச்சு."

மகனுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர் ஃபோனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"எத்தனை ஹெச்பி?" என்றான் மகன் கடைசியில்.

"ஒண்ணு."

"ரெண்டு பேருக்கு எதுக்குப்பா ஒண்ணு?"

"கடைக்காரர் எத்தனை பேருன்னு கேட்டாரு. அஞ்சுன்னு சொல்லிட்டேன்."

ஷவர் கொட்டிக்கொண்டே இருந்தது. மூட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

"குழாய மூடுங்கப்பா" என்றான் மகன். குரல் உடைந்திருந்தது. "நம்ம தொட்டி சின்னது, காலியாயிடும்."

நம்ம தொட்டி என்றான். இவர் குழாயை மூடினார்.