நனைக்காமல் அளந்த வலை

ஆம்ப்ரோஸுக்கு அன்று கால் வலி. அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சட்டம், கடல், விதி என்று பெரிய பெரிய காரணங்களைத் தேட வேண்டாம்.

மீன்பிடிப்பைக் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டராகச் சிங்கப்பூர்க் கரை முழுவதும் இருபத்திரண்டு வருடம் நடந்து தேய்ந்தவர் அவர். வலைக்கண் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் குஞ்சும் குளுவானும் சேர்ந்து வந்துவிடும். பிறகு கடலில் பிடிக்க என்ன இருக்கும்? அதை அளக்க அவரிடம் ஒரு பித்தளைத் தகடு உண்டு. கண்ணுக்குள் விட்டால் தானாக இறங்க வேண்டும், அமுக்கக்கூடாது. ஆனால் முதலில் வலையைக் கடல்நீரில் ஊறவைக்க வேண்டும். மரப்பட்டைச் சாயம் ஏற்றிக் காயவைத்த பருத்தி வலை அப்பளமாக விறைத்து நிற்கும், கண் விரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

அந்தத் திங்கட்கிழமை பிடோக் கரையில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. வலையை நனைக்க வேண்டுமானால் சேற்றில் கால் மைல் நடக்க வேண்டும். கொம்புகளில் காய்ந்துகொண்டிருந்த ஜமால் முகம்மதுவின் வலையை ஆம்ப்ரோஸ் அப்படியே அளந்தார். தகடு இறங்கவில்லை.

"நனைச்சுப் பாருங்க சார். நேத்துதான் சாயம் போட்டேன்," என்றார் ஜமால்.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க பாய்," என்று சலித்துக்கொண்டே வலையைச் சாக்கில் போட்டுக் கட்டச் சொன்னார்.

ஜமாலுக்கு இருந்ததே அந்த ஒரு வலை. வழக்கில் தோற்றால் அதை எரித்துவிடுவார்கள். இறால் வரும் பருவமோ மூன்றே வாரத்தில்.

வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கரான ஆம்ப்ரோஸ் வீட்டில் இறைச்சி கிடையாது. பஃபலோ ரோட்டு வீட்டில், தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு சின்ன மீனைக் குழம்பில் போட்டு வைத்தாள் மனைவி ஜோசபின்.

"இவ்வளவுதான் கெடைச்சுது. பிடோக்குல யாரோட வலையோ ஆபீஸ்ல புடிச்சிட்டாங்களாம். ஒழுங்கான வலைன்னு மீன்கடை காதர் மைதீன் சொல்றாரு. பாவம்லா, அந்த ஆளு."

தட்டில் இருந்த மீனை ஆம்ப்ரோஸ் ஜோசபின் பக்கம் தள்ளி வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் ஆபீஸ். எல்லாரும் போன பிறகு கிடங்கைத் திறந்து, மீன் வந்து சேரும் மடிப்பகுதியை மட்டும் வாளிக் கடல்நீரில் ஊறவைத்தார். பித்தளைத் தகடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. பத்து இடத்தில் அளந்தார். பத்திலும் இறங்கியது.

அப்போதே வலையை எடுத்து முற்றத்தில் விரித்திருக்கலாம். விரித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால், நனைக்காமல் அளந்ததைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் இன்னும் எத்தனை வலையை இப்படி அளந்தாய் என்று கேட்பார்கள். ஓய்வுபெற நான்கு வருடம்தான் பாக்கி. வாட்ச்மேன் சாவியைக் குலுக்கும் சத்தம் கேட்டது. ஈரத்தோடே மடியைச் சாக்கில் திணித்துக் கட்டினார். திங்கட்கிழமை சொல்லிவிடலாம்.

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. ஈரப் பருத்தியைக் கட்டி வைத்தால் இற்றுப்போகும் என்பது ஆம்ப்ரோஸுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒவ்வொரு காலையும் கிடங்குக் கதவைத் தாண்டும்போது தெரிந்தது. ஆனாலும் இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று மேசையில் போய் உட்கார்ந்தார். களைத்துப்போன மனிதனுக்கு நாளையைப் போல் நல்ல நண்பன் கிடையாது.

பதினான்கு நாள் கழித்து வழக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் நின்றபோது ஆம்ப்ரோஸுக்கு என்ன வந்ததோ, "வலையை நனைக்காமல் அளந்தேன். அந்த அளவு செல்லாது. தவறு என்னுடையது," என்று சொல்லிவிட்டார். வழக்கு தள்ளுபடியாயிற்று. பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது ஆம்ப்ரோஸுக்கு.

கிடங்கில் ஜமால் சாக்கை அவிழ்த்ததும் புழுங்கிய நாற்றம் முகத்தில் அடித்தது. மடியை இழுத்தார். கையோடு வந்தது. இன்னொரு இடத்தைப் பிடித்தார். அதுவும் வந்தது.

"கிடங்கு ஒழுகுது போல," என்றார் ஜமால். "உங்க மேல குத்தமில்ல சார். வேலை போனாலும் போகட்டும்னு உண்மையைச் சொன்ன மனுஷன் நீங்க. அல்லா உங்களை நல்லா வைக்கணும்."

ஒரு பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லி இன்னொன்றை மறைத்தால் பாவசங்கீர்த்தனமே செல்லாது என்று கோயிலில் சொல்லித்தந்திருந்தார்கள்.

"கிடங்கு ஒழுகல பாய். நான்தான் நனைச்சு அளந்தேன். அப்படியே கட்டி வச்சுட்டேன்."

"எப்ப?"

"வலையைப் புடிச்ச அந்த வாரம், சனிக்கிழமை."

"அப்பவே சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ஜமால் கிழிந்த மடியை மடித்து மடித்துச் சாக்கில் வைத்தார். திட்டியிருந்தால்கூட ஆம்ப்ரோஸுக்குத் தேவலை என்றிருந்தது.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வெயில்ல போட்டிருப்பேனே சார்," என்றார் ஜமால்.

வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.