முகமூடிக்கு எதிரே முடி

நாலே வாரம் ஓடிய நிகழ்ச்சி அது. ரிங்குக்குள் மல்யுத்தம் நடக்கும்போதே பக்கத்து மேடையில் ஒரு ராக் குழு வாசிக்கும். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பழைய கிடங்கில்தான் படப்பிடிப்பு. டி.வி.யில் பார்க்க ஆளில்லை என்று சேனல் கையை விரித்துவிட்டது. கடைசி நாளில் தயாரிப்பாளர் கிரெக்குக்கு ஞானம் பிறந்தது.

"பாட்டு உச்சத்துக்குப் போறப்ப பாடகன் டஸ்டின் ரிங்குக்குள்ள வருவான். உன் முகமூடியைப் பிடுங்குவான். அவ்வளவுதான்," என்றார் ஒஃபேலியாவிடம்.

'லா சிகார்ரா' என்ற பெயரில், பச்சை முகமூடியோடு, மெக்ஸிகோவின் டிஹுவானாவிலும் இங்கேயுமாகப் பதினோரு வருடம் மல்யுத்தம் ஆடியவள் ஒஃபேலியா. அவள் முகத்தை எந்த ரசிகனும் பார்த்ததில்லை.

"முடியாது சார்."

"உன் பையில இன்னும் மூணு இருக்கே. ஒண்ணு போனா என்ன?"

நான்கு வாரமாக மல்யுத்தம் எடுக்கிற மனுஷனுக்கு இதுகூடத் தெரியவில்லை.

"துணி போனா தெச்சுக்கலாம் சார். முகம் தெரிஞ்சுபோனா அப்புறம் ஆயுசுக்கும் மாட்டக் கூடாது. பந்தயம் கட்டித் தோத்தாத்தான் கழட்டுவோம். அதுக்கு எதிராளியும் ஏதாவது பணயம் வைக்கணும்."

"எல்லாமே நாம எழுதுற கதைதானேம்மா!"

"கதைக்காக நூறு தடவை தோத்திருக்கேன். இது அதுல சேராது."

கிரெக் சிரித்துக்கொண்டே போய்விட்டார். டஸ்டினிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இவள் சம்மதம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அன்றைய ஆட்டத்தின் நடுவே, இடுப்பு வரை தொங்கும் முடியும் கையில் மைக்குமாக டஸ்டின் கயிற்றைத் தாண்டிக் குதித்தான். அவன் விரல்கள் அவள் பின்னந்தலை நாடாவைத் தொட்டதும் மணிக்கட்டை முறுக்கி மைக்கைப் பறித்தாள்.

"என் முகமூடி வேணுமாடா? பந்தயம் கட்டு! நீ ஜெயிச்சா இது உனக்கு. நான் ஜெயிச்சா உன் முடி எனக்கு!"

கூட்டத்தில் முக்கால்வாசி மெக்ஸிகோக்காரர்கள் வாழும் பாயில் ஹைட்ஸ் பேட்டைச் சனம். அவர்களுக்கா விளக்கம் வேண்டும்? "மொட்டை! மொட்டை!" என்று கூரை அதிர்ந்தது. டஸ்டினின் டிரம்மரே பல்லைக் காட்டிக்கொண்டு அந்தத் தாளத்துக்கு அடிக்க ஆரம்பித்தான். நானூறு பேர் முன்னால் பின்வாங்க டஸ்டினுக்கு ரோஷம் விடவில்லை.

"சரி, வா!"

பாவம். தூக்கி அடித்து மேலே படுத்தாள். நடுவர் சாவா மூன்று எண்ணி முடித்தார். டஸ்டினுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை.

"நிறுத்து! கேமரா எல்லாத்தையும் நிறுத்து!" என்று கத்தியபடி கிரெக் ஓடிவந்தார். "டஸ்டின், எழுந்து போ. எதுவும் பதிவாகல."

டஸ்டின் ஒஃபேலியாவைப் பார்த்தான்.

"கேமராவாடா பந்தயம் கட்டுச்சு?" என்றாள்.

அவன் தலையைச் சொறிந்தான். கயிற்றோரம் கிடந்த இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒப்பனை அறையிலிருந்து சாவா முடிவெட்டும் மெஷினோடு வந்தார். கிரெக் ரிங்குக்குள் ஏறி நாற்காலியின் முன்னால் கையை விரித்து நின்றார்.

"இது ஒளிபரப்பாகப் போறதில்ல ஒஃபேலியா! யாரும் பார்க்க மாட்டாங்க!"

அவள் மெஷினை வாங்கி ஓடவிட்டாள்; கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார். இவங்களுக்கு மறைக்குது."