சர்க்கரை இருந்தும் மாவைத் தின்ற பூஞ்சை

1
சங்ககிரி பேருந்தில் பின்னிருக்கைப் பெண் ஒருத்தி சொன்னாள்: "எம்பட பூசணத்த எங்கண்ணனே திருடிட்டாருங்க." கதைக்கு மூலம் அந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் என் கற்பனை.

முதல் தொடக்கம்: 'அடைமழை கொட்டிய ஒரு மாலையில் சென்னியம்மாள்' (வேண்டாம். மழைக்கு இதில் வேலையில்லை.)

2
1983. சென்னியம்மாள் சேலத்துக் கல்லூரி ஒன்றில் பூஞ்சைகளை ஆய்ந்துகொண்டிருந்தாள். சர்க்கரை கிடைக்கிறவரை பூஞ்சை மாவுச்சத்தைத் தொடாது. மாவைக் கரைக்கும் நொதி சுரக்காதபடி ஒரு மரபணு தடுத்துவைக்கும். (அறிவியல் இவ்வளவுதான், கொட்டாவி வேண்டாம்.)

அவள் அண்ணன் வெள்ளியங்கிரிக்குத் தம்மம்பட்டிப் பக்கம் ஜவ்வரிசி ஆலை. கிழங்கு அரைத்து மிஞ்சிய திப்பி குவிந்து நாறியது. ஆலையை மூடச்சொல்லி ஊரார் நின்றார்கள். பூஞ்சையை, ஊர்ப்பேச்சில் பூசணத்தை, ஏற்றித் திப்பியை மாட்டுத் தீவனமாக்கப் பார்த்தான் அண்ணன். கொஞ்சம் மாவு சர்க்கரையானதுமே பூசணம் வேலையை நிறுத்திவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஆய்வுத் தட்டொன்றில் ஒரு பூஞ்சை, சர்க்கரை இருந்தும் மாவைத் தின்றிருந்தது. அயோடின் விட்டதும் மாவு மிஞ்சிய இடமெல்லாம் நீலம்; அதைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம். தடுக்கும் மரபணு கெட்டுப்போன பூஞ்சை!

3
கல்லூரிக்கே வந்து கேட்டான் அண்ணன்: "அதக் குடு அம்முணி, ஆலை பொழச்சுக்கும்."

"நிரூபிக்காம வெளிய உடமாட்டேனுங்ணா."

அடுத்தமுறை வந்தவன் அந்தப் பூஞ்சை வளர்த்த ஒரு குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தெரிந்ததும் அவள் அண்ணனோடு பேச்சை நிறுத்தினாள்.

[இங்கே அண்ணனை வில்லனாக்கிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை.]

4
அவள் பேராசிரியரோ, "வெளிப்பூஞ்சை கலந்திருக்கும்மா" என்று சொல்லி, குளிர்பெட்டியைச் சுத்தம்செய்கையில் அவள் குழாய்களையும் வேகவைத்துக் கொட்டச் சொல்லிவிட்டார். ஆய்வே போயிற்று. காலிக் குழாய்களை எண்ணினாள்; அண்ணன் எடுத்துப்போன ஒன்று குறைந்தது. பிறகு தம்மம்பட்டிக்குப் பேருந்து ஏறினாள்.

அண்ணன் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்ணா, அது உசுரோட இருக்குதுங்களா?"

அவன் நிமிரவில்லை. "சாதாப் பூசணம் மேல ஏறி அமுக்கிப்போடுச்சு. இருந்தா அடியிலதான் இருக்கோணும். அள்ளிக்க."

அள்ளினாள். ஆலை அறையிலேயே சர்க்கரையும் மாவும் கலந்த தட்டுகளில் பரப்பி வளர்த்தாள். அயோடின் விட்டபோது தட்டுத் தட்டாக நீலம். கடைசித் தட்டில் மட்டும் ஒரு வளையம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

5
பின்னால் நின்ற அண்ணன் கேட்டான்: "கண்டுபுடிச்சது நீ. காப்பாத்துனது என்ற திருட்டு. இப்ப இது யாருது, அம்முணி?"

ஒரு முடிவில் அவள் அவனுக்கும் ஒரு குழாய் கொடுத்தாள், அந்த வரியை அடித்துவிட்டேன். இன்னொன்றில் தட்டை மூடி எடுத்துப்போனாள், அதையும் அடித்தேன். மூன்றாவதில் அவள் அண்ணனிடம்...

எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். நான் எழுதினால் நியாயமாக இருக்காது. நீங்கள் சொல்லுங்கள். கேட்டுவிட்டுக் காத்து நிற்கிறான் வெள்ளியங்கிரி.