ஜன்னல் வழியாகப் போன ஓய்வுப் பணம்

டுவெயின் காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணமெல்லாம் ஒரே காசோலையாகத் தபாலில் வந்தது. அதை இன்னொரு ஓய்வுக்காலக் கணக்கில் போட்டுவிட்டால் வரி கிடையாது. மனிதர் என்ன செய்தார்? தன் நாய் ஓட்டிஸைக் காரில் ஏற்றிக்கொண்டு, காரை விட்டு இறங்காமலே பணம் போடும் வங்கி ஜன்னல் வரிசையில் போய் நின்றார். அங்கே காசோலையை டப்பாவில் வைத்தால் குழாய் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். டப்பா திரும்பும்போது ரசீதோடு நாய்க்கு ஒரு பிஸ்கட் வரும். ஓட்டிஸுக்கு அந்தப் பிஸ்கட் என்றால் உயிர். காசோலையோடு வைக்கும் சீட்டில் ‘ஓய்வுக்கு’ என்று எழுதினாலே போதும் என்று டுவெயின் நம்பினார். உள்ளே போயிருந்தால் யாராவது எந்தக் கணக்கு என்று கேட்டிருப்பார்கள். பணம் சாதாரண சேமிப்புக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

பிப்ரவரியில் வரிக் கணக்கு எழுதுபவர் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. மாற்றிப் போட அறுபது நாள் கெடு. அது எப்போதோ தாண்டிவிட்டது. கால்வாசிக்கு மேல் வரியே விழுங்கிவிடும்.

டுவெயினின் மனைவி ஜோலீன் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா தூக்கித் தூக்கித் தோள்பட்டை தேய்ந்தவள். இந்தப் பணத்தை நம்பித்தான் ஜூனோடு வேலையை விடுவதாக இருந்தாள். அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? மூச்சுக் காட்டவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, வழக்கம்போல இருவரும் மதுக்கடையில் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலை நண்பன் கென் பிராந்தியும் கையுமாக வந்து தோளில் தட்டினான்.

“என்னடா, மறுபடியும் நைட் ஷிஃப்ட் கேட்டியாமே? வீட்ட விட்டுத் துரத்திட்டாளா?”

ஜோலீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“இப்ப சொல்லு.”

சொன்னார். பிஸ்கட் வரைக்கும் சொன்னார். “நீ ஜூன்ல நின்னுடணும் ஜோ. அந்த ஓட்டைய நான் சம்பாதிச்சு அடைச்சிடுவேன்.”

“அந்த முழங்கால வச்சுக்கிட்டா? மாடிப்படி ஏறவே சாமியக் கூப்பிடற ஆளு!” கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. “லூசு. எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

திங்கட்கிழமை நாயை வீட்டில் விட்டுவிட்டு, அவரைக் கையைப் பிடித்து வங்கிக்குள்ளேயே இழுத்துப் போனாள். மேஜைக்குப் பின்னால் வங்கி ஊழியர் மார்லிஸ் இருந்தாள். பொறுமையாகக் கேட்டாள்.

“இது ஓய்வுக்காலக் கணக்குன்னு நம்பித்தான போட்டீங்க?”

“சத்தியமா.”

“அப்ப வழி இருக்கு. தவறா நினைச்சுப் போட்டுட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பணத்த இன்னைக்கே சரியான கணக்குக்கு மாத்திடறேன். வரி ஆபீஸ்ல கேட்டா இந்தக் காரணம் செல்லும். தெரிஞ்ச உடனே வந்தீங்களே, அது நல்லதாப் போச்சு.”

டுவெயின் பேனாவை எடுத்தார். பேரை எழுதினார், தேதி போட்டார். ‘நான்’ என்று எழுதினார். அதோடு பேனா நின்றுவிட்டது. கல்யாணமான நாள் முதல் வழி தவறிப் போனால்கூட ரோட்டின் மேல் பழி போடுகிறவர் அவர்.

ஜோலீன் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அவசரமில்ல, நிதானமா எழுது. முப்பத்தெட்டு வருஷமாக் காத்திருக்கேன். ஒவ்வொரு எழுத்தாப் பாக்கணும் எனக்கு.”

மார்லிஸ் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். டுவெயின் காது சிவக்க எழுதி முடித்தார்: நான் தவறாக நினைத்துவிட்டேன்.

“ஒரு காப்பி எனக்கும் குடும்மா” என்றாள் ஜோலீன்.

அந்தக் காப்பி இன்றும் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. ஜூனில் பள்ளிச் சமையலறைக்குக் கடைசியாகப் போய்விட்டு வந்த அன்று, அவள் தன் ஏப்ரனைக் கழற்றி அதே கதவின் கைப்பிடியில் மாட்டினாள். காப்பியில் அவர் எழுதிய வரியை இன்னொரு முறை படித்தாள். பிறகு போய், சோபாவில் நாயோடு தூங்கிக்கொண்டிருந்த டுவெயினின் வலிக்கிற முழங்காலில் கையை வைத்து உட்கார்ந்துகொண்டாள்.