கூட்டத்துக்கு வராதவள்

"காக்கா, வாப்பாட சாரனை ஒருநாளாச்சும் மாத்தியிருக்கீங்களா? பொறகு எந்த வாயால பள்ளியில போய்க் கதைச்சீங்க?"

வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டு றகுமத்தும்மா தன் அண்ணன் உதுமாலெவ்வைக் காக்காவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். மறதி நோயுள்ள முதியோரைப் பகலில் பார்த்துக்கொள்ளக் கல்முனைக்குடியில் ஓர் இடம் தொடங்கப்போகிறோம். பராமரிக்கும் குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் திட்டம் போடவேண்டும் என்று பள்ளிவாசலில் கூட்டம் வைத்தவன் நான். உதுமாலெவ்வை உட்பட வந்தவர்கள் எல்லாரும் ஆண்மக்கள். காலையில் மட்டும் திறந்தால் போதும் என்றார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.

"காலையில வாப்பா நல்ல நித்திரை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகுதான் 'ஊட்டுக்குப் போறன்' எண்டு றோட்டுக்கு ஓடுறாரு. ஒங்கட ஊட்டுலயா இரிக்காரு, ஒங்களுக்குத் தெரியிறத்துக்கு?"

"அப்ப நீ வந்து சொல்லியிருக்கலாமே?"

"பள்ளிக்குள்ளயா? அதுவும் வாப்பாவ ஆருட்ட உட்டுட்டு?"

எங்கள் ஊரில் பெற்றோர் இருப்பது மகள் வீட்டில்தான். எனக்குத் தெரியாததா? என் உம்மாவும் தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறா. வேலிக்கு இப்பால் நின்று ஒரு ஸலாம் சொல்லக்கூட எனக்கு முகமில்லை.

அடுத்த கூட்டத்தை எங்கே, எந்த நேரத்தில் வைத்தால் றகுமத்தும்மா போன்றவர்கள் வரமுடியும்? வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களே, எனக்கு ஒரு தபாலட்டையில் இரண்டு வரி எழுதுங்கள்.